வங்கக்கடல் சேற்றில் 11,000 வருட மழைக் கணக்கு... எழுதி வைத்தது மகரந்தம்!

ஒரு பூ உதிர்ந்தால் ஓரிரு நாளில் மட்கிவிடும். ஆனால், அந்தப் பூவிலிருந்து பறந்த தூள் பல ஆயிரம் ஆண்டுகள் அழியாமல் கடலுக்கடியில் கிடக்கும். அந்தத் தூளை எண்ணிப் பார்த்தே பழங்காலத்தில் மழை எப்படிப் பெய்தது என்று சொல்கிறார்கள் விஞ்ஞானிகள். இதில் நம் புதுச்சேரிக்கும் பெரிய பங்கு உண்டு.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டியதும் வருகிறது நசரத்பேட்டை. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு இரவு பகலாக லாரிகள் ஓடும் சந்திப்பாகிவிட்ட ஊர். இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. ஐப்பசி பிறந்துவிட்டால் இந்தப் பகுதி டீக்கடைகளில் முதல் கேள்வியே, "ஏரியில எத்தனை அடி?" என்பதுதான். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, உயரம் 24 அடி என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

அந்த ஏரி இரண்டு முகங்களையும் காட்டிவிட்டது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஏரி நிரம்பி, நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையோரம் எல்லாம் வெள்ளம். நான்கே ஆண்டுகள் கழித்து 2019 ஜூனில் அதே ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டில் எது வழக்கம், எது விதிவிலக்கு?

வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டால் 60, 70 வருடக் கதை கிடைக்கும். அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் பதிவேடுகளைப் புரட்ட வேண்டும். சென்னையில் 1792-லேயே வானாய்வகம் வந்துவிட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கப்பட்டது. அந்தப் பழைய ஏடுகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, 'இப்படி ஒரு மழையைப் பார்த்ததே இல்லை' என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால், 1918 நவம்பரில் 1,088 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. உயிரோடிருப்பவர்களின் நினைவில் இல்லாததை ஏடு நினைவில் வைத்திருந்தது.

சரி, அந்த ஏடும் 200 வருடத்தோடு நின்றுவிடுகிறது. 2,000 வருடத்துக்கு முன்பு? 10,000 வருடத்துக்கு முன்பு? அதற்கும் ஓர் ஏடு இருக்கிறது. அது கடலுக்கடியில், சேறாகக் கிடக்கிறது.

பூசணிப் பூவும் புல் பூவும்

பூசணிப் பூவைப் பறித்து உள்ளே விரலை விட்டால் மஞ்சளாக ஒட்டிக்கொள்கிறதே, அதுதான் மகரந்தம். விரலில் ஒட்டும் சிட்டிகைத் தூளில் ஆயிரக்கணக்கான மணிகள் இருக்கும். பெரும்பாலான செடிகளின் மகரந்தமணி 10 முதல் 100 மைக்ரான் அளவுதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூசணி தன் மகரந்தத்தை வண்டிடமும் தேனீயிடமும் ஒப்படைத்துவிடுகிறது. அதனால் கொஞ்சம் தயாரித்தால் போதும். புல், சவுக்கு, கம்பு, சோளம் போன்றவை காற்றை நம்பியிருக்கின்றன. காற்று எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாதே! அதனால் அவை கோடிக்கணக்கில் தூவுகின்றன. அதில் இன்னொரு பூவைச் சேர்வது மிகச் சொற்பம். மீதியெல்லாம் கூரையில், குளத்தில், வயலில், நம் மூக்கில் விழுகிறது. சிலருக்குக் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் அடுக்குத் தும்மல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விழுந்த மகரந்தத்தின் உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் சீக்கிரமே அழிந்துவிடும். ஆனால் மேல் ஓடு அழியாது. 'ஸ்போரோபொலெனின்' என்ற பொருளால் ஆன ஓடு அது. உயிரினங்கள் உருவாக்கும் பொருள்களிலேயே மிக உறுதியானவற்றில் ஒன்று. அமிலத்தில் போட்டாலும் கரையாது. காற்றோட்டமில்லாத சேற்றில் புதைந்துவிட்டால் லட்சக்கணக்கான ஆண்டுகள்கூட அப்படியே இருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு செடிக் குடும்பத்துக்கும் ஓட்டின் வடிவம் வேறு. புல்லின் மகரந்தம் வழவழப்பான பந்து போல, ஒரே ஒரு துளையோடு இருக்கும். செம்பருத்தியுடையது உடல் முழுக்க முள். பைன் மரத்தினுடையதற்கு இரண்டு பக்கமும் காற்றுப் பைகள். பழகிய கண்ணுக்கு இது கைரேகை பார்ப்பது மாதிரி.

சேறு எப்படி ஏடாகிறது?

மழை பெய்கிறது. மண்ணோடு மகரந்தமும் ஓடைக்குப் போகிறது. ஓடையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல். செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாறு வழியே வங்கக்கடலைச் சேர்வதைப் போலத்தான், பெரிய ஆறுகள் தங்கள் பாசனப்பரப்பு முழுவதிலிருந்தும் மகரந்தத்தை அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் கொட்டுகின்றன. அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வண்டலோடு வண்டலாகப் படிகிறது. அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு படிவு. மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது.

ஏரியிலும் குளத்திலும்கூட இப்படிப் படியும். ஆனால் நம் ஊர் ஏரிகள் கோடையில் காய்ந்துவிடும். காற்றுப் பட்டால் மகரந்தம் கெட்டுப்போகும். தூர் வாரினால் பல வருடப் படிவு ஒரே நாளில் காலி. ஆழ்கடல் தரைக்கு அந்தத் தொல்லைகள் இல்லை. தவிர, ஒரே சேற்றில் இரண்டு சாட்சிகள் கிடைக்கும். கரையில் என்ன வளர்ந்தது என்பதை மகரந்தம் சொல்லும். கடல் எப்படி இருந்தது என்பதைக் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் சொல்லும். இரண்டும் ஒரே அடுக்கில் கிடப்பதால், 'நிலத்தில் வறட்சி வந்தபோது கடலில் என்ன நடந்தது?' என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் கிடைக்கும்.

மகரந்தத்தை எண்ணிக் காலநிலையைக் கணிக்கும் முறைக்கு வித்திட்டவர், ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் ஃபான் போஸ்ட். 1916-ல் தன் நாட்டுச் சதுப்பு நிலங்களின் மகரந்தக் கணக்கை வரைபடமாகப் போட்டுக்காட்டினார். எந்த மரம் எந்தக் காலத்தில் பெருகியது, எப்போது குறைந்தது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. அந்த வரைபடத்தின் அடிப்படை வடிவம் இன்றுவரை மாறவில்லை.

புதுச்சேரியின் மகரந்த நூலகம்

வெப்ப நாடுகளில் இந்த வேலை எளிதல்ல. ஸ்வீடனில் மர வகைகள் சில டஜன்தான். நம் பக்கத்திலோ ஆயிரக்கணக்கில் செடி கொடிகள். சேற்றில் கிடைத்த மகரந்தம் எந்தச் செடியுடையது என்று சொல்ல, முதலில் உயிருள்ள செடிகளின் மகரந்தத்தைச் சேகரித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்த இடங்களில் முக்கியமானது, 1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். தென்னிந்தியச் செடிகளின் மகரந்தத்தைக் கண்ணாடித் தகடுகளில் பதித்து ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். புத்தகத்துக்குப் பதில் மகரந்தம் அடுக்கிய நூலகம் அது.

அந்தத் துறையை அங்கே வளர்த்தவர்களில் ஒருவர் கணபதி தணிகைமணி. 1938-ல் சென்னையில் பிறந்தவர். பனை, தென்னை அடங்கிய குடும்பத்தின் மகரந்தத்தை ஆராய்ந்தவர். அலையாத்திக் காட்டுச் செடிகளின் மகரந்தத்தை அடையாளம் காண்பதில் உலகளவில் பெயர் பெற்றவர். 1986 செப்டம்பர் 5-ம் தேதி, மும்பையிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற பான் ஆம் 73 விமானம் கராச்சியில் கடத்தப்பட்டபோது நடந்த துப்பாக்கிச்சூட்டில் அவர் உயிரிழந்தார். வயது 48. அலையாத்தி மகரந்தம் பற்றிய அவருடைய நூல் மறுவருடம், 1987-ல் வெளிவந்தது.

அலையாத்தி மகரந்தம் ஏன் அவ்வளவு முக்கியம்? சுரபுன்னை, கண்டல், தில்லை போன்றவை ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் முகத்துவாரத்தில் வளர்பவை. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்குத் தெரியும். ஆற்றில் நன்னீர் நிறைய வந்தால் அந்தக் காடு செழிக்கும். மழை குறைந்து உப்பு ஏறினால் சுருங்கும். ஆக, கடற்சேற்றில் அலையாத்தி மகரந்தம் கூடினால் ஆற்றில் தண்ணீர் ஓடியிருக்கிறது என்று ஊகிக்கலாம். அதே 1986-ல் பிரெஞ்சு ஆய்வாளர் எலிஸ் வான் காம்போ, தென்மேற்கு இந்தியக் கரைக்கு அப்பால் அரபிக்கடலில் எடுத்த சேற்றை ஆராய்ந்து இதைத்தான் செய்தார். கடந்த 20,000 வருடங்களின் பருவமழை ஏற்றத்தாழ்வை மகரந்தத்தை வைத்துச் சொன்னார். பனியுகத்தின் உச்சத்தில் மிகவும் பலவீனமாக இருந்த மழை, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு மிக வலுவாக இருந்தது என்பது அவர் கண்ட முடிவு.

எரியும் பனிக்கட்டியைத் தேடி வந்த கப்பல்

வங்கக்கடலின் கதை 2006-ல் எதிர்பாராத விதமாகத் தொடங்கியது. கடலடியில் மீத்தேன் வாயு, பனிக்கட்டி போல உறைந்து கிடக்கும். தீ வைத்தால் எரியும். எதிர்கால எரிபொருளாகுமா என்று பார்க்க, இந்திய அரசின் தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டத்தின் கீழ் 'ஜாய்டிஸ் ரெசொல்யூஷன்' என்ற ஆழ்கடல் துளையிடும் கப்பல் வரவழைக்கப்பட்டது. 113 நாள்களுக்கு மேல் நீடித்த பயணத்தில் 21 இடங்களில் 39 துளைகள் போட்டார்கள்.

அரிசி மண்டியில் மூட்டைக்குள் கூரான குழாயைக் குத்தி, மாதிரி அரிசியை எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா? அதே மாதிரிதான். நீண்ட குழாயைக் கடல் தரைக்குள் செலுத்தி எடுத்தால், உள்ளே சேறு ஒரு தூண் போல அடுக்கு குலையாமல் வரும். வாயுவைத் தேடித்தான் துளை போட்டார்கள். கூடவே வந்த சேறு, காலநிலை ஆய்வாளர்களுக்குப் புதையலாகிவிட்டது.

அதில் இரண்டு தூண்கள் முக்கியமானவை. ஒன்று கோதாவரி முகத்துவாரத்துக்கு அப்பால், சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தது. இன்னொன்று மகாநதிக்கு அப்பால் எடுத்தது.

'கோதாவரிச் சேற்றுக்கும் நசரத்பேட்டைக்கும் என்ன சம்பந்தம்?' என்ற கேள்வி வரலாம். சம்பந்தம் குழாயிலேயே வருகிறது. சென்னைக்கு நேரடியாக மழை தருவது வடகிழக்குப் பருவமழைதான். ஆனால், அது பொய்த்த வருடங்களில் கைகொடுப்பது வெளியூர்த் தண்ணீர். தெலுங்கு கங்கைத் திட்டத்தில் ஸ்ரீசைலத்திலிருந்து புறப்படும் கிருஷ்ணா நீர், கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வந்து, அங்கிருந்து கால்வாயில் செம்பரம்பாக்கத்துக்கும் வருகிறது. வீராணம் குழாயில் வருவது காவிரி. இரண்டையும் நிரப்புவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை. கோதாவரிக்குப் பக்கத்து வீடுதான் கிருஷ்ணா. இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து தக்காணத்தைக் கடந்து வருபவை. நாசிக் அருகே திரியம்பகத்தில் தொடங்கும் கோதாவரி 1,465 கிலோமீட்டர் ஓடி, நாட்டின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. அதன் முகத்துவாரத்துச் சேற்றைப் படித்தால், தக்காணத்தில் பெய்த மழையின் வரலாறு கிடைக்கும்.

ஒரு கரண்டி சேறு, பல நாள் வேலை

சேற்றுத் தூணை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதியைத் தொடாமல் குளிர்சாதன அறையில் பாதுகாப்பார்கள். மறுபாதியிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் சில கிராம் சேற்றை வெட்டி எடுப்பார்கள்.

முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சேற்றில் இருக்கும் சுண்ணாம்பு கரைந்துவிடும். அடுத்தது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். கண்ணாடியையே கரைக்கும் ஆபத்தான அமிலம் அது; மணல் துகள்கள் கரைந்துபோகும். இத்தனையையும் தாங்கி மிஞ்சுவது மகரந்த ஓடுதான். அதைச் சல்லடையில் அலசி, கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு மாதிரிக்குச் சில நூறு மணிகளாவது எண்ணினால்தான் கணக்கு நம்பகமாக இருக்கும்.

மொத்தம் எத்தனை மணிகள் இருந்தன என்று தெரிந்துகொள்ள ஒரு சாமர்த்தியமான வழி உண்டு. லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துத்தூள் எண்ணிக்கை தெரிந்த மாத்திரையைச் சேற்றில் முதலிலேயே கலந்துவிடுவார்கள். மாத்திரையில் 10,000 வித்து இருந்து, எண்ணும்போது 100 கண்ணில் பட்டால், பார்த்தது நூற்றில் ஒரு பங்கு என்று அர்த்தம். அதோடு 300 மகரந்தமணிகளைப் பார்த்திருந்தால், மொத்தம் 30,000. பள்ளிக்கூட விகிதக் கணக்குதான்!

எந்த அடுக்கு எந்தக் காலத்தையது என்பதை அதே அடுக்கில் கிடக்கும் நுண்ணுயிர் ஓடுகளின் கார்பன்-14 சொல்லும். ஓர் உயிர் இறந்த பிறகு, அதிலிருக்கும் கார்பன்-14, 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எவ்வளவு மீதமிருக்கிறது என்று அளந்தால் வயது தெரியும். கோதாவரித் தூணில் மேலே இருந்த சுமார் எட்டரை மீட்டர் சேற்றில் கடந்த 11,000 ஆண்டுகள் அடங்கியிருந்தன. ஒரு விரல் அகலச் சேற்றில் ஏறத்தாழ ஒரு தலைமுறை!

மகரந்தம் சொன்ன கதை

இந்த இரண்டு தூண்களின் மகரந்தத்தை எண்ணிய ஆய்வு 2015-ல் 'குவாட்டர்னரி சயின்ஸ் ரிவ்யூஸ்' இதழில் வெளியானது. தலைமை ஆய்வாளர் பிரான்ஸில் பணியாற்றிய கொராலி சோர்சி. உடன் பணியாற்றியவர்களில் இருவர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த கி.அனுபமாவும் சீனிவாசன் பிரசாத்தும்.

அவர்கள் கண்டது இது: 11,300 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 4,200 ஆண்டுகளுக்கு முன்பு வரை அலையாத்திக் காடும் கரையோரக் காடும் மிக விரிந்து கிடந்தன. மழைக்குப் பஞ்சமில்லை. 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து கதை மாறுகிறது. வறண்ட நிலச் செடிகளின் மகரந்தம் கூடுகிறது. அதன் பிறகு இன்றுவரை, மொத்தத்தில் வறட்சியான காலம்தான். அதற்குள்ளேயும் மழை வலுத்த நூற்றாண்டுகளும் மெலிந்த நூற்றாண்டுகளும் மாறி மாறி வந்திருக்கின்றன.

இன்னும் ஆழத்துச் சேறு, சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடுமையான வறட்சியைக் காட்டியது. எங்கு பார்த்தாலும் புல்லும் வறண்ட நிலச் செடிகளும்தான். அதே சமயத்தில் வட அட்லான்டிக் கடலில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? பிரமாண்டமான பனிப்பாறைகள் உடைந்து கடலில் மிதந்து உருகிக்கொண்டிருந்தன. அங்கே கடல் குளிர்ந்ததும், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இந்தியாவில் பருவமழை மெலிந்தது.

இன்னொரு காலகட்டத்தில், உலகம் பனியுகத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது ஆர்ட்டிமீசியா என்ற செடியின் மகரந்தம் தலைகாட்டியது. பூக்கட்டும்போது இடையிடையே வைக்கும் மருக்கொழுந்தின் சொந்தக்காரச் செடி அது. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்ததன் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டார்கள்.

மழையைக் கூட்டியது யார், குறைத்தது யார்?

11,000 ஆண்டுகளுக்கு முன்பு மழை கூடுதலாகப் பெய்ததற்குக் காரணம், பூமியின் தலையாட்டம். சுழலும் பம்பரம் தலையாட்டுவது போல, பூமியின் அச்சும் மெதுவாக ஆடுகிறது. இன்று பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், அதாவது நமக்கு மார்கழி மாதத்தில். 11,000 ஆண்டுகளுக்கு முன்பு அது கோடையில் நடந்தது. அதனால் வடபாதி உலகத்துக்குக் கோடையில் கிடைத்த வெயில் இன்றைவிடச் சுமார் 8 சதவிகிதம் வரை கூடுதல். நிலம் அதிகம் சூடானது; கடலிலிருந்து ஈரக்காற்று வேகமாக உள்ளே வந்தது; மழை கொட்டியது. பிறகு அந்தக் கூடுதல் வெயில் மெல்லக் குறைய, மழையும் குறைந்தது.

நீண்ட காலப் போக்கைத் தீர்மானிப்பது இந்தச் சூரியக் கணக்கு. நடுநடுவே வரும் திடீர் மாற்றங்களைத் தீர்மானிப்பது தூரத்துக் கடல்களும் பனியும். மகரந்தம் காட்டிய பாடம் இதுதான்.

காய்ந்த மண்ணில் கொள்ளும் சிறுதானியமும்

மகரந்தத்தை மட்டும் நம்பி இப்படியெல்லாம் சொல்லலாமா? கூடாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்வதில்லை. மகரந்தத்துக்குச் சில குறைகள் உண்டு. காட்டுப்புல்லையும் நெல்லையும் பெரும்பாலும் பிரித்தறிய முடியாது. பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்து, பிறகு ஏறியிருக்கிறது. அலையாத்திக் காடு இடம் மாறியதற்கு மழை மட்டுமல்ல, கடல்மட்டமும் காரணமாக இருக்கலாம். மனிதர்கள் காட்டை வெட்டி விவசாயம் செய்தாலும் மர மகரந்தம் குறைந்து புல் மகரந்தம் கூடும். மழை குறைந்தது போலவே தோன்றும்.

அதனால் வேறு சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும். அதே கோதாவரித் தூணில் இலைகளின் மேல் இருக்கும் மெழுகும் பாதுகாப்பாகக் கிடைத்தது. 2012-ல் கமிலோ பான்டன் குழுவினர் அதை ஆராய்ந்தார்கள். வறட்சியைத் தாங்கும் செடிகள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து படிப்படியாகப் பெருகி, 1,700 ஆண்டுகளுக்கு முன்பு அந்த நிலை நிலைத்துவிட்டதாக அந்த மெழுகு சொன்னது. மேகாலயாவின் மாவ்ம்லூ குகைச் சுண்ணாம்புப் படிவு, 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய மழைக் குறைவைப் பதிவுசெய்திருந்தது. 2018-ல் பூமியின் வரலாற்றில் கடைசிக் காலகட்டத்துக்கு 'மேகாலயன்' என்றே பெயர் வைத்தார்கள். பனியுகத்து வறட்சிக்கோ நீலகிரியே சாட்சி. ராமன் சுகுமார் உள்ளிட்டோர் 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், மலைச் சதுப்பின் மட்கிய மண்ணிலிருந்து 20,000 வருடக் கதையைப் படித்தார்கள்.

வெவ்வேறு இடம், வெவ்வேறு பொருள். ஆனாலும் பெரிய போக்கில் எல்லாமே ஒத்துப்போகின்றன. அதனால்தான் நம்பிக்கை பிறக்கிறது.

மழை மெலிந்த காலத்தில் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதும் சுவாரஸ்யம். சிந்துவெளியின் பெருநகரங்கள் சரிந்தன. அதற்கு வறட்சி எவ்வளவு காரணம் என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் அதே காலத்தில் தக்காணத்தில் நிலையான விவசாயம் வேரூன்றியது. அங்கே அந்தக் கால மக்கள் பயிரிட்டவை கொள்ளு, பாசிப்பயறு, சிறுதானியங்கள். எல்லாமே குறைந்த தண்ணீரில் விளைபவை. இன்று சத்தானது என்று தேடிப்பிடித்து வாங்கும் கொள்ளும் சிறுதானியமும், காய்ந்து வந்த நிலத்தில் நம் முன்னோர் பிழைக்கக் கண்டுபிடித்த வழி.

ஏரிக்கு இது என்ன சொல்கிறது?

இப்போது மழையை மாற்றுவது பூமியின் தலையாட்டம் அல்ல. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்யும் வேலை. நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும் சில பத்தாண்டுகளில் காற்றைச் சூடாக்கிவிட்டன. ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் தெற்காசியப் பருவமழை பலவீனமடைந்தது. அதில் புகை, தூசி மாசுக்குப் பங்குண்டு. இனி வெப்பம் ஏற ஏற மழை கூடும், அதோடு பெருமழையும் கூடும் என்பது கணிப்பு. வட அட்லான்டிக் கடல் நீரோட்டம் இந்த நூற்றாண்டில் பலவீனமாகும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. முன்பு அங்கே பனி உருகியபோது இங்கே என்ன நடந்தது என்பதைக் கோதாவரிச் சேறு காட்டியிருக்கிறது. எதிர்காலத்தைக் கணிக்கும் கணினி மாதிரிகள் சரியா என்று சோதிக்கவும் இந்தப் பழைய கணக்குதான் உதவுகிறது. பழைய மழையைச் சரியாகச் சொல்லும் மாதிரியைத்தானே வரப்போகும் மழைக்கு நம்ப முடியும்! அதனால்தான் 2014-15-ல் அதே கப்பல் மீண்டும் வங்கக்கடலுக்கு வந்தது. இந்த முறை வாயுவைத் தேடி அல்ல, பருவமழையின் வரலாற்றைத் தேடி.

ஒரு பாலம் கட்டும்போதும், மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதும், ஏரியின் மதகைத் திறக்கும்போதும் 'வழக்கமான மழை' என்று ஒரு கணக்கு வைக்கிறோம். பொதுவாக அது கடந்த 30 வருடச் சராசரி. நீண்டால் 100 வருடக் கணக்கு. 11,000 வருடக் கணக்கில் 100 வருடம் என்பது எட்டரை மீட்டர் தூணில் எட்டு சென்டிமீட்டர்கூட இல்லை. அந்த எட்டு சென்டிமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு, மழை இவ்வளவுதான் பெய்யும், இவ்வளவுதான் பொய்க்கும் என்று முடிவு கட்ட முடியாது. நூறு வருடத்தில் வெள்ளம் வராத இடம் என்பதால் அது வெள்ளம் வராத இடமாகிவிடாது. கிருஷ்ணா நீர் இதுவரை வந்தது என்பதால் எல்லா வருடமும் வரும் என்றும் இல்லை.

மேற்குப் புறநகரில் இன்னும் மிச்சமிருக்கும் ஏரிகளையும் தாங்கல்களையும் கால்வாய்களையும் காப்பாற்றிவைப்பது இதனால்தான் முக்கியம். கூடுதலாகப் பெய்தால் தேங்க இடம் வேண்டும். பொய்த்தால் எடுத்துக்கொள்ளச் சேமிப்பு வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஏரிதான் பதில்.

கடல் இன்றும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. இன்று படியும் அடுக்கில், 19-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பரவலாக நடப்பட்ட சவுக்கின் மகரந்தம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து ஊரெங்கும் பரவிய சீமைக்கருவேலத்தின் மகரந்தம் இருக்கும். அவற்றுக்கு நடுவே கண்டலும் சுரபுன்னையும் எவ்வளவு இருக்கும் என்பது, முகத்துவாரங்களில் மிச்சமிருக்கும் அலையாத்திக் காடுகளை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது.